தலைகீழாக அழிப்பவர்

பழைய படக்கதைப் புத்தகத்தில் பென்சில் எழுத்தை அழிக்கும்போது புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொள்ள வேண்டும். நேராக வைத்தால் கண் படிக்க ஆரம்பித்துவிடும். கண் படித்தால் கை நின்றுவிடும். தலைகீழாக வைத்தால் எழுத்து எழுத்தாகத் தெரியாது. கரியாகத்தான் தெரியும். கரியைத் துடைப்பதில் யாருக்கும் தயக்கம் வருவதில்லை.

இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகக் கண்டுபிடித்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எல்லோரும் அவரை ரப்பர் என்றார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு நேராகவே. அவருடைய கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. மேலே ஆள் ஏறினால் தலைக்கு மேல் செருப்புச் சத்தம் கேட்கும். மேசையில் வெள்ளை ரப்பர், ஒரு பழைய சவர பிரஷ், ஒரு மேசை விளக்கு. ரப்பரால் தேய்த்து, பிரஷ்ஷால் துகளைத் தட்டி, விளக்கில் ஒருமுறை பார்த்து, கண்ணாடித்தாள் உறையில் போட்டு வைப்பார். பிள்ளைகள் எழுதியிருந்த பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் போகும். வில்லனுக்கு வரைந்த மீசை போகும். புதிர்ப் பக்கத்தில் போட்ட தப்பான விடை போகும். ‘இதைத் திருடுகிறவன் கழுதை’ என்பதும் போகும்.

பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பெண்மணி ஒருநாள் சொன்னாள்: "நான் ஒண்ண ரெண்டாக்கறேன். நீங்க இருக்கறத இல்லாம ஆக்கறீங்க. ரெண்டு பேரும் ஒரே வாடகைதான் கட்டறோம்."

அவரும் சிரித்தார்.

ஆரம்பத்தில் அவருக்குக் கடை இல்லை. பேருந்து நிலையத்தை ஒட்டிய சுவரில் இரண்டு ஆணி அடித்துக் கயிறு கட்டியிருந்தார். துணி உலர்த்துவது போலப் புத்தகங்கள் தொங்கும். வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள் எடுத்துப் படித்துவிட்டு, சில்லறை கொடுத்துவிட்டு, திரும்பத் தொங்கவிட்டுப் போவார்கள். வண்டி வந்துவிட்டால் கதை பாதியில் நிற்கும். முடிவைச் சொல்லச் சொல்லிப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே கத்துவார்கள். இவர் கயிற்றடியில் நின்று "அவன் சாகல, அது அவன் தம்பி" என்று திரும்பக் கத்துவார்.

புத்தகங்கள் வந்தது அத்தான் மூலமாக. அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். தடத்தின் மறுமுனை ஊரில் வண்டி நிற்கும் நேரத்தில் அங்குள்ள பழைய பேப்பர் கடைகளில் நுழைந்து, மூட்டையைக் கிளறி, படக்கதையாகப் பொறுக்கி, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் போட்டுக்கொண்டு வருவார். பலமான தொண்டை அவருக்கு. வண்டி நிலையத்துக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாக "டேய் மச்சான், சரக்கு!" என்பார். பயணிகள் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்.

"அத்தான், மெதுவா. போலீஸ்காரன் வேற ஏதோன்னு நினைச்சுக்குவான்."

"நினைக்கட்டும். பிரிச்சுப் பாத்தா அவனும் உக்காந்து படிப்பான்."

இவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். "பழைய பேப்பர் நாத்தத்தோட வர்றவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்று அக்கா வருஷக்கணக்காகக் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

தொழில் மாறியது. எப்போது என்று சொல்ல முடியாது. முதலில் பேருந்துக்குக் காத்திருக்கிறவர்கள் கையில் கைபேசி வந்தது. கயிறு சும்மா ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றை அவிழ்த்துவிடலாம் என்று அவர் நினைத்த சமயத்தில் வேறு மாதிரி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தலை நரைத்தவர்கள், காரில் வந்து இறங்குகிறவர்கள். சின்ன வயதில் படித்ததைக் கேட்டார்கள். கதையை விசாரிக்கவில்லை. அட்டை மடங்கியிருக்கிறதா, முதுகில் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, உள்ளே கிறுக்கல் உண்டா என்று விசாரித்தார்கள். அப்போதுதான் அவர் ரப்பரை எடுத்தார். கயிறு போய்ப் படிக்கட்டுக் கடை வந்தது. குழந்தைகள் உள்ளே வந்தால் "கைய வைக்காதே" என்று சொல்லவும் பழகிக்கொண்டார்.

அதற்கப்புறம் பெட்டி வந்தது. வேறொரு நகரத்தில் ஒரு நிறுவனம். புத்தகத்தை அனுப்பினால் உருப்பெருக்கியில் பார்த்து மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து உருக்கி மூடி அனுப்புவார்கள். அட்டையும் பின்னட்டையும் தெரியும். திறக்க முடியாது. திறந்தால் மதிப்பெண் போய்விடும்.

"அப்ப எப்படிப் படிக்கறது?" என்று அத்தான் கேட்டார். பெட்டியைக் கையில் வாங்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"படிக்கறதுக்கு இல்ல அத்தான். வச்சுக்கறதுக்கு."

"மீன் தொட்டி வாங்கி மீனுக்குப் பதிலா மீன் படத்தை வச்ச மாதிரி இருக்கு."

அந்தத் தொண்டைதான் அவருக்கு முதலில் போனது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போயிற்று. வீட்டுக்கு வந்து ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டார். எழுதிக் காட்ட அக்கா ஒரு சிலேட்டு வாங்கி வைத்தாள். சின்னப் பையன் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டார். கைபேசியில் எழுத்து சின்னதாக இருந்தது. இவர் வாரா வாரம் ஒரு கட்டு படக்கதை கொண்டுபோய்க் கட்டில் மேல் வைப்பார். அத்தான் பென்சிலால் அதன் ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். பாத்திரங்கள் பேசும் பலூனுக்குள் இடம் இருந்தால் அதிலும் எழுதினார். எழுதிவிட்டுப் புத்தகத்தை நீட்டி, கட்டில் சட்டத்தைத் தட்டுவார். அடுப்படியிலிருந்து அக்கா வர வேண்டும்.

அத்தான் போன பிறகு அக்கா கொஞ்ச நாள் வீட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கட்டிலை மாற்றிப் போட்டாள். மருந்துக் குப்பிகளை வெளியே கொட்டினாள். ஒரு சிவப்புப் பையை இவரிடம் கொடுத்தாள். "உன் கடைப் புத்தகம்டா. எடுத்துட்டுப் போ. இங்க இடத்தை அடைச்சுக்கிட்டு."

பையைக் கடையில் பிரித்தார். அதில் ‘கலங்கரை விளக்கக்காரர்’ இதழ் ஒன்று இருந்தது. தீவில் தனியாக இருக்கும் ஒருவர் விளக்கையும் பார்த்துக்கொண்டு துப்பும் துலக்குகிற தொடர் அது. இந்த இதழ் எங்கேயும் கிடைப்பதில்லை. கட்டோடு கட்டாக எப்படியோ அத்தானுக்குக் கொடுத்திருக்கிறார். அட்டை புதிதுபோல இருந்தது. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பென்சில்.

அவர் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

அத்தான் எழுதியது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததைப் பற்றி அவர் நினைக்கவில்லை. மேசைக்கு வந்த புத்தகம். கிறுக்கல் இருந்தால் அழிக்க வேண்டும். பக்கத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எப்போதும் போல ஓரத்திலிருந்து தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க வெள்ளையானது. கடைசிப் பக்கத்தில் பாதிக்கு மேல் வெற்றிடம். தீவில் சூரியன் உதிக்கிறது, வானம் முழுவதும் காலி. அந்த வானம் நிறைய எழுதியிருந்தது. மங்கலான எழுத்து. நாலு இழுப்பில் போய்விட்டது.

துகளைத் தட்டுவதற்காகப் புத்தகத்தை நேராக எடுத்தார். வானத்தின் மூலையில் ஒரு வார்த்தை மட்டும் விட்டுப்போயிருந்தது. ‘குண்டூசி,’ என்று இருந்தது. பக்கத்தில் காற்புள்ளி. யாரையோ கூப்பிட்டுத் தொடங்கிய எழுத்து என்பது அப்போது தெரிந்தது. சாய்ந்த ‘கு’. பழைய பேப்பர் மூட்டை மேல் அத்தான் எழுதி ஒட்டும் அதே எழுத்து.

மேலே யாரோ படி ஏறிப் போனார்கள்.

அவர் அந்த வார்த்தையையும் அழித்தார். முதல் வார்த்தை என்பதால் அழுத்தி எழுதியிருந்தது. பலமாகத் தேய்க்க வேண்டியிருந்தது.

புத்தகம் நல்ல மதிப்பெண்ணோடு பெட்டிக்குள் போய் ஒரு பல் டாக்டரின் சுவருக்குப் போனது. பையில் இருந்த மற்றவற்றையும் அழித்து மொத்தமாகத் தள்ளிவிட்டார்.

மழை விட்டதும் ஒருநாள் அக்கா கடைக்கு வந்தாள். அவள் கடைக்கு வருவதே இல்லை. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எலி வளை மாதிரி இருக்கு. இதுக்குள்ள எப்படிடா இருக்க?"

"உக்காருக்கா."

"எங்க உக்கார? உன் தலை மேலயா?" நின்றுகொண்டே கேட்டாள். "அந்தப் பை எங்கடா?"

"எந்தப் பை?"

"உன் புத்தகம் போட்டுக் குடுத்தேனே."

"பை வீட்டுல இருக்கும். எடுத்துத் தரவா?"

"பைய வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? புத்தகம்டா." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவர் எழுதிக்கிட்டே இருந்தார். கட்டிலைத் தட்டுவார். கை வேலையா இருக்கேன், அப்புறம் பாக்கறேன்னு சொல்லுவேன். தட்டுறதை நிறுத்திடுவார். அப்புறம் நான் போனா அவர் தூங்கியிருப்பார். முக்கால்வாசி நான் படிக்கவே இல்லடா. குப்பையை ஒழிக்கற மாதிரி உன்கிட்டத் தூக்கிக் குடுத்தேன்."

அவர் மேசையிலிருந்த ரப்பரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வித்துட்டியா?"

"எல்லாம் இல்லக்கா. பாக்கணும்."

"வாங்கினவங்க அதைப் படிச்சிருப்பாங்க. என்ன நினைச்சாங்களோ. அவர் எழுத்து இருக்குமில்ல?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஜெராக்ஸ் மெஷின் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா அவர் வாயையே பார்த்தாள்.

"இருக்கும்" என்றார்.

மொத்தமாக வாங்கியவன் யார் என்பது அவருக்குத் தெரியும். புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருந்தான். பழைய படக்கதைகளைக் கிழித்துச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தான். அதுதான் இப்போது நாகரிகம். அவர் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். பக்கங்கள் மேல் வார்னிஷ் பூசியிருந்தது. தண்ணீர் மாதிரிப் பளபளத்தது. கன்னத்தைச் சுவரோடு வைத்து ஒரு கண்ணால் பக்கவாட்டில் பார்த்தார். பென்சில் போனாலும் அழுத்தின பள்ளம் தாளில் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும் என்று அவருக்குத் தெரியும். வாங்க வருகிறவர்கள் அப்படித்தான் சோதிப்பார்கள்.

"சார், என்ன வேணும்?" பரிமாறுகிறவர் நின்றார்.

"ஒண்ணுமில்ல."

"சுவத்துல என்ன கேக்குது?"

பின்மேசையில் சிரித்தார்கள். வார்னிஷ் பள்ளத்தையெல்லாம் அடைத்துவிட்டிருந்தது. அவர் வேண்டாத எதையோ கேட்டு வாங்கிப் பாதி சாப்பிட்டுவிட்டு வந்தார்.

மிச்சம் பல் டாக்டர்தான்.

டாக்டரின் அறையில் நோயாளி சாய்கிற நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் பெட்டிகள் வரிசையாக மாட்டியிருந்தன. வாயைத் திறந்துகொண்டு பார்க்கலாம். கலங்கரை விளக்கக்காரர் நடுவில் இருந்தார்.

"ஒரு நாள் குடுங்க டாக்டர். திறந்து பாத்துட்டுத் தந்துடறேன்."

"பல்லைப் பிடுங்கச் சொல்லுங்க, பிடுங்கறேன். பெட்டியத் திறக்கச் சொல்றீங்களே ரப்பர். நீங்கதானே சொன்னீங்க, திறந்தா செத்துடும்னு?"

"சொன்னேன்."

"உள்ள என்ன இருக்கு?"

"எங்க அத்தான் ஏதோ எழுதியிருந்தார்."

டாக்டரின் முகம் மாறியது. "எழுதியிருந்தாரா? கிறுக்கல் இல்லன்னு சொல்லித்தானே குடுத்தீங்க?"

"அழிச்சுட்டுத்தான் குடுத்தேன்."

"நல்லா அழிச்சீங்கதானே?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் தன்னைக் காப்பாற்றும் என்று ரப்பருக்குப் புரியவில்லை. தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதே தொடரின் முதல் இதழ். அவர் விற்காத ஒரே புத்தகம். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு வேறு கையுறை போட்டுக்கொண்டு அதைத் தொட்டார். மூச்சு விடவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பினார்.

"பேர் எழுதியிருக்கே."

"என் பேரு."

"உங்க எழுத்தா? அழகா இருக்கே."

"அப்ப எனக்கு எழுதத் தெரியாது. எங்க அக்கா எழுதினது."

"ம். மாத்திக்கலாம். இதை மட்டும் அழிச்சுக் குடுத்துடுங்க."

ரப்பர் சட்டைப் பையிலேயே இருந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் சிறு தட்டுமேசை இருந்தது. அதில் வைத்து, புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, தேய்த்தார். தலைகீழாக வைத்தும் அது பெயராகவே தெரிந்தது. முதல் தடவையாக அப்படி ஆனது. டாக்டர் குனிந்து துகளை ஊதி உதவி செய்தார்.

அக்காவின் அடுப்படி ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் சரிந்து உள்ளே வரும். மறுநாள் காலை அங்கே புத்தகத்தோடு போய் நின்றார். பெட்டியை அவர் கடையிலேயே உடைத்துவிட்டிருந்தார். அக்கா கையை உலர்த்திக்கொண்டு வாங்கினாள். புரட்டினாள். இன்னொரு தடவை புரட்டினாள்.

"எங்கடா?"

"வெயில்ல சாய்ச்சுப் பாருக்கா."

"அழிச்சுட்டியா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"இருக்கும்னு சொன்ன."

"சொன்னேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன்கிட்டக் குடுத்தவ நான்" என்றாள். பிறகு புத்தகத்தை ஜன்னல் சட்டத்தில் வைத்து, மெதுவாகச் சாய்த்தாள். ஒரு கோணத்தில் ஓரம் முழுக்கப் பள்ளங்கள் எழும்பின. நீரடியில் கிடக்கிற நூல் மாதிரி.

"ஜ... ஜன்னல். ஜன்னலைத் திற." அக்கா நிமிர்ந்தாள். "திறந்துதான் இருந்துச்சு. அவருக்குக் காத்துப் பத்தலை."

அடுத்த பக்கம். "உப்பில்லை." அவள் குரல் உயர்ந்தது. "உப்பு போடக் கூடாதுன்னு சொன்னது டாக்டரு. நானா சொன்னேன்? அதுக்கு என்னை முறைச்சா?"

அவர் பக்கத்தில் நின்று பக்கத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் படித்தாள். வெந்நீர். டிவியைக் குறை. ரப்பர் வந்தானா. இடது கால். ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். சிலவற்றுக்குச் சண்டை போட்டாள். கடத்தல்காரன் பேசும் பலூனுக்குள், அச்சடித்த வசனத்துக்குக் கீழே, ‘எனக்கும் தொண்டை சரியில்லை’ என்று இருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொரு பக்கத்தில் கலங்கரை விளக்கக்காரர் தன் நாயிடம் பேசுகிறார். அதில் எழுதியிருந்ததை அவள் சத்தமாகப் படித்தாள்.

"சீக்கிரம் படி. உன் தம்பி வந்தா அழிச்சுடுவான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. அக்கா போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

பின்னால் போகப் போகப் பள்ளம் ஆழம் குறைந்தது. கை தளர்ந்துவிட்டிருக்கிறது. பிறகு அரைச்சொல், கால்சொல். கடைசிப் பக்கத்தில் வானம் வெறுமையாக இருந்தது. அவள் எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒன்றும் எழும்பவில்லை.

"இதுல எழுதலையா?"

"இல்லக்கா" என்றார் அவர். "அது வானம்."

அவருக்கு அது கருணையாகத்தான் பட்டது. உப்பும் வெந்நீரும் கிடைத்திருக்கின்றன. அவள் சண்டை போட்டுச் சிரித்துவிட்டாள். அதோடு விட்டால் போதும். இல்லாத ஒன்றுக்கு அவள் ஏங்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டார். அவ்வளவு தடவை சொல்ல வேண்டியிருந்ததே அவருக்கு உறுத்தியது.

கடையில் கை ஓடவில்லை. புத்தகத்தைத் தலைகீழாக வைத்தாலும் கண் அதைத் திருப்பிப் படித்தது. நான்காம் வகுப்பு, ஆ பிரிவு. கழுதை. யாரோ ஒரு பெண் யாரோ ஒரு பையனின் பெயரை எழுதி, தானே அடித்திருந்தாள். அடித்ததற்குக் கீழே மறுபடியும் எழுதியிருந்தாள். புத்தகங்கள் அழிக்காமல் சேர்ந்தன. வாங்குகிறவர்கள் கைபேசியில் ‘எப்போது வரும்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மதியம் சாப்பிடப் போகும்போதெல்லாம் புத்தகம் அடுப்படி ஜன்னலிலேயே இருந்தது. எண்ணெய்க் கறை பட்டிருந்தது. ஒரு மூலை மடங்கியிருந்தது. டாக்டர் பார்த்தால் மயங்கி விழுவார். அக்கா சோறு போட்டுவிட்டு, அவர் சாப்பிடுகிற நேரத்தில், கடைசிப் பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தில் பிடிப்பாள். வெளிச்சம் தினமும் ஒரே மாதிரி இருக்காது, இன்றைக்கு ஏதாவது தெரியலாம் என்பது போலப் பார்ப்பாள்.

ஒருநாள் பக்கத்தைச் சாய்க்கவில்லை. ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சம் தாளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"இங்க வா."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"இந்த மூலையில பாரு. இங்க மட்டும் தாள் மெலிசா இருக்கு. வெளிச்சம் இந்தப் பக்கம் வருது." விரலால் தடவினாள். "வானமெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. இந்த இடத்துல மட்டும் ஏன்டா இவ்வளவு அழுத்தித் தேச்சிருக்க?"

அடுத்த வீட்டில் யாரோ வாளியை நகர்த்தினார்கள்.

"ஒண்ணும் எழுதாத இடத்தையா தேச்ச?"

"எழுதியிருந்துச்சுக்கா."

"என்ன?"

"பக்கம் நிறைய எழுதியிருந்துச்சு. நான் படிக்கல. தலைகீழா வச்சுத்தான் அழிப்பேன். அழிச்சு முடிச்சு நேரா எடுத்தா, இங்க ஒரு வார்த்தை மட்டும் விட்டுப்போயிருந்துச்சு. அதை மட்டும் பாத்தேன்."

"என்ன வார்த்தை?"

அதை அக்கா முன்னால் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. ஏதோ ஒரு சாமான். எந்தக் கடையிலும் கிடைப்பது.

"குண்டூசி" என்றார்.

அக்கா புத்தகத்தைக் கீழே வைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். வீட்டுக்குள் வேறு யாரோ வந்துவிட்டது போல.

"நான்தான்டா அது" என்றாள். "கல்யாணமான புதுசுல ஏதோ குத்திப் பேசினேன். அன்னையிலேர்ந்து அப்படித்தான் கூப்பிடுவார். யாரும் பக்கத்துல இல்லாதப்ப. உங்க யாருக்கும் தெரியாது." பிறகு கேட்டாள்: "அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் தெரியாதுக்கா."

"அப்ப பக்கம் நிறைய எனக்கு எழுதியிருக்கார்."

"ஆமா."

"உப்பு, வெந்நீருக்கெல்லாம் பேர் போட்டுக் கூப்பிடமாட்டார்."

"மாட்டார்."

"அவர் எழுத்துன்னு தெரிஞ்சுது இல்ல, அந்த ஒரு வார்த்தையைப் பாத்தப்ப?"

"தெரிஞ்சுது."

"அப்புறமும் ஏன்டா அதையும் அழிச்ச?"

அவர் பல பதில்களை யோசித்து வைத்திருந்தார். வந்தது உண்மையானதுதான்.

"ஒரே ஒரு வார்த்தை இருந்தா கறை மாதிரித் தெரியும்கா."

"கறையா இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள் அக்கா.

குரலில் கோபம் இல்லை. அவள் அவருடைய தட்டை எடுத்துத் தொட்டியில் போட்டாள். தண்ணீரைத் திறந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே, "இன்னைக்குப் போ" என்றாள். "நாளைக்குச் சாப்பாட்டுக்கு வா. இப்பப் போ."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அடுப்படி ஜன்னல் தெருவைப் பார்த்துத்தான் இருந்தது. கடந்து போகும்போது பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா கடைசிப் பக்கத்தைக் கையில் வைத்திருந்தாள். சாய்க்கவில்லை, வெளிச்சத்துக்குத் தூக்கவும் இல்லை. கடிதம் படிக்கிறவர்கள் பிடிப்பதுபோல் நேராகப் பிடித்திருந்தாள். கண்கள் இடமிருந்து வலமாகப் போய், கீழே இறங்கி, மறுபடி இடமிருந்து தொடங்கின.

அவர் சட்டைப் பையில் கையை விட்டார். ரப்பர் இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார்.